பெண்களின் தசையைப் பற்றியும் பேசுவோம்

165 செ.மீ. உயரம், 60 கிலோ எடை. இந்த அளவில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் முப்பது வயது, இருவருக்கும் நோய் எதுவும் இல்லை. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இருவருக்கும் 22 வரும். சுவரில் மாட்டியிருக்கும் பி.எம்.ஐ. (உடல் நிறைக் குறியீடு) அட்டவணையில் இருவரும் ஒரே பச்சைக் கட்டத்தில் நிற்பார்கள். தோலுக்கு உள்ளே போனால் கதை வேறு. அந்த ஆணிடம் 12 கிலோ கொழுப்பு இருந்தால் அந்தப் பெண்ணிடம் 18 கிலோ இருப்பது இயல்பு. ஆணிடம் 23 கிலோ தசை என்றால் பெண்ணிடம் 18 கிலோதான். தராசு இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

நான் பிசியோதெரபிஸ்ட். தென் மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தொட்ட, தாண்டிய பெண்கள். முட்டிவலி, இடுப்புவலி, தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை என்று வருவார்கள். உட்கார்ந்ததும் முதலில் சொல்வது, "வெயிட்டைக் கொறைக்கச் சொல்லிட்டாங்க மேடம்." எதைக் குறைக்க வேண்டும், எதைக் குறைக்கவே கூடாது என்று யாரும் அவர்களிடம் பிரித்துச் சொன்னதில்லை. தன் உடம்பில் தசை என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் ஒரு கணக்கு உண்டு என்பதைப் பல பெண்கள் முதன்முதலாக என் அறையில்தான் கேட்கிறார்கள். இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பச்சைக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெத்தலே வானியலாளர், புள்ளியியலாளர், மருத்துவர் அல்ல. வளர்ந்த மனிதர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1832இல் கவனித்துச் சொன்னார். ஒரு தனி மனிதருக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் நோக்கமே இல்லை. கூட்டத்தின் சராசரிதான் அவருக்கு வேண்டியிருந்தது. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அந்தக் கணக்கை எடுத்து பி.எம்.ஐ. என்று பெயரிட்டார். கொழுப்பை ஊகிக்க எந்தச் சூத்திரம் பொருத்தம் என்று பார்க்க, ஐந்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை ஒப்பிட்டார். அத்தனை பேரும் ஆண்கள். இன்று நம் ஊர் சுகாதார நிலையத்தில் ஒரு பெண்ணின் சீட்டில் எழுதப்படும் எண்ணுக்கு அந்த ஆண்களின் கூட்டம்தான் அடித்தளம்.

கீஸுக்கு முப்பது வருடம் முன்பே எடை ஏமாற்றும் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. ஆல்பர்ட் பென்கே, அமெரிக்கக் கடற்படை மருத்துவர். தொழில்முறை 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர்கள் சிலரை ராணுவ அளவுகோல் 'அதிக எடை' என்று ஒதுக்கியது. அவர்களைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை பார்த்தார் பென்கே. கொழுப்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.9 கிராம், தசை, எலும்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்த மற்ற பகுதிக்கு ஏறக்குறைய 1.1 கிராம். கொழுப்பு மிதக்கும், மற்றது அமிழும். தண்ணீருக்குள் ஒருவர் எவ்வளவு எடை காட்டுகிறார் என்பதை வைத்து அவர் எதனால் ஆனவர் என்று கணக்கிட முடிந்தது. அந்த வீரர்கள் தசையால் கனத்தவர்கள். அந்த ஆய்வு 1942இல் வெளியானது.

அதே பென்கே பின்னாளில் ஆண், பெண் இருவருக்கும் ஒரு மாதிரி உடம்பைக் கணக்காக வகுத்தார். ஆணுக்கு உயிர்வாழத் தேவையான கொழுப்பு எடையில் 3 சதவீதம். பெண்ணுக்கு 12 சதவீதம். மூளை, நரம்பு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் இருப்பதோடு, மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் இருக்கும் ஒரு பகுதியையும் பெண்ணுக்கு அவசியக் கொழுப்பாகவே அவர் வைத்தார். என்னிடம் வரும் பெண்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். உங்கள் தொடையில் இருப்பது முழுவதும் சோம்பலின் சேமிப்பு அல்ல.

பருவம் எட்டும்வரை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் உடம்பின் கலவையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதன் பிறகுதான் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஆணின் தோளையும் மார்பையும் கையையும் தசையால் நிரப்புகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெண்ணின் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பைச் சேர்க்கிறது. கர்ப்பத்துக்கும் தாய்ப்பாலுக்கும் தேவைப்படும் எரிசக்தி அங்கே காத்திருக்கிறது. அந்தச் சேமிப்பு போதுமா என்று மூளைக்குத் தகவல் போவதும் கொழுப்பிலிருந்துதான். 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புச் செல்களில் சுரக்கிறது. அது மிகவும் குறைந்தால் மூளை கருமுட்டை வேலையையே நிறுத்திவைக்கிறது. சாப்பாட்டைக் குறைத்துக் கடுமையாக ஓடும் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவது இதனால்தான். பட்டினியால் வந்த ஒல்லியை அழகென்று கொண்டாடுகிற வீடுகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

தசை வித்தியாசத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று, 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு. 18 முதல் 88 வயதுவரை 468 பேரை உச்சி முதல் பாதம் வரை எம்.ஆர்.ஐ. எடுத்துத் தசையை மட்டும் கணக்கிட்டார்கள். ஆண்களுக்குச் சராசரி 33 கிலோ, பெண்களுக்கு 21 கிலோ. எடையில் பங்காகப் பார்த்தால் ஆணுக்கு 38 சதவீதம், பெண்ணுக்கு 31 சதவீதம். இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கை, தோள், மார்பு என மேலுடம்பில் அதிகம், கால்களில் குறைவு. மாவு டிரம்மைத் தூக்கிக் கிரைண்டரிலிருந்து இறக்க அம்மா பையனைக் கூப்பிடுவதற்கும், அதே அம்மா பழனி மலைப்படியை அவனுக்குச் சமமாக ஏறிவிடுவதற்கும் காரணம் இங்கே இருக்கிறது.

இவையெல்லாம் சராசரிகள். தனித்தனி ஆட்களை எடுத்தால் கோடு அழிந்துவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 49 கிலோ எடைப்பிரிவில் ஸ்னாட்ச்சில் 87, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115, மொத்தம் 202 கிலோ தூக்கினார். நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் 80 கிலோ ஆண் ஒருவரால் அதில் பாதியையாவது தலைக்கு மேல் தூக்க முடியுமா?

ஆண்களுக்கு வேறு ஆபத்து இருக்கிறது. கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதில்தான் அந்த ஆபத்து இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் ஜீன் வாக் 1947இலேயே இதைப் பிரித்துச் சொன்னார்: வயிற்றைச் சுற்றிச் சேர்வது ஆண்பாங்கு, இடுப்பிலும் தொடையிலும் சேர்வது பெண்பாங்கு, சர்க்கரை நோயும் இதய நோயும் முதல் வகையின் பின்னால்தான் வருகின்றன. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைக் கிள்ளிப் பார்க்கலாம். குடலைச் சுற்றி, வயிற்றுத் தசைக்குப் பின்னால் இருப்பதைக் கிள்ள முடியாது. கல் மாதிரி கெட்டியாக முன்தள்ளி நிற்கும் தொப்பை பெரும்பாலும் அந்த உள்கொழுப்புதான். அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ஜப்பானின் சுமோ வீரர்கள் பயிற்சியில் இருக்கும் காலத்தில் அவ்வளவு பெரிய உடம்பிலும் உள்கொழுப்பு குறைவு, பெரும்பகுதி தோலுக்கு அடியில் தங்கியிருக்கும் என்று ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. பருமன் வேறு, கொழுப்பு தங்கும் இடம் வேறு.

நம் உடம்புக்கு வருவோம். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யூட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யூட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். படத்தில் பார்த்தால் இருவரும் ஒல்லி. இந்த வேறுபாடு பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதையும் யாக்னிக்கின் குழுதான் காட்டியது. புனேயைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் மிகவும் சிறுத்திருந்தன. முதுகுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தலைமுறை தலைமுறையாகப் போதிய ஊட்டம் இல்லாத தாய்மாரின் உடம்பு, பிள்ளைக்குத் தசையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது.

சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டும்போதே சர்க்கரை நோய் ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்றது. வயிற்றுச் சுற்றளவில் ஆணுக்கு 85 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்று கோடு போட்டது. பிறகு 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்த வழிகாட்டுதல் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 என்று வைத்தது. ஐரோப்பியருக்கான 25 என்ற எல்லையை நம்பி "நான் நார்மல்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் 25ஐயே தாண்டியிருந்தார்கள். 23 என்று வைத்தால் அந்த எண்கள் எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, பிறக்கும்போதே தசை குறைவு. அதில் பெண்ணாகப் பிறந்தால் இன்னும் குறைவு. இதன் மேல் நாற்பதுகளின் நடுவில் மாதவிடாய் நிற்கும் காலம் வந்து சேர்கிறது. நம் நாட்டில் அது சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. மேலை நாடுகளில் 51.

இந்தக் காலத்தைப் பற்றி அமெரிக்காவில் 1990களின் நடுவிலிருந்து பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வு நடந்தது. ஸ்வான் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது கண்டது என்னை உலுக்கியது. மாதவிடாய் நிற்பதற்கான மாற்றங்கள் தொடங்கியதும் கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது. அதே சமயம் தசை முதலான கொழுப்பில்லாத பகுதி குறையத் தொடங்குகிறது. கடைசி மாதவிடாய்க்கு இரண்டு வருடம் கழித்துத்தான் இந்த வேகம் அடங்குகிறது. இத்தனையும் உள்ளே நடக்கும்போது எடை மட்டும் முன்பு ஏறிய அதே மெதுவான வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது, தனியாக ஒரு திருப்பமும் காட்டாமல். தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பினால் தராசு எப்படிக் காட்டிக்கொடுக்கும்? "எனக்கு வெயிட் ஏறவே இல்லையே மேடம், ஆனா ஜாக்கெட் கை மட்டும் இறுக்குது, வயிறு பெருத்துடுச்சு" என்று ஒரு பெண் சொன்னால், அது பிரமை இல்லை. உடம்புக்குள் நடப்பதை அவர் தராசைவிடச் சரியாகச் சொல்கிறார்.

ஈஸ்ட்ரோஜன் வடிந்ததும் கொழுப்பு சேரும் இடமும் மாறுகிறது. தொடைக்குப் போய்க்கொண்டிருந்தது வயிற்றுக்குத் திரும்புகிறது. அதுவரை ஆண்களைவிடப் பெண்களுக்கு இருந்த இதயப் பாதுகாப்பு மெல்லக் கரைகிறது. எலும்பும் வேகமாக இளைக்கிறது. மூன்றும் சேர்ந்து வரும் இந்த வயதில்தான் நம் பெண்கள் மகளின் பிரசவம், மாமியாரின் படுக்கை, மகனின் கல்யாணம் என்று தங்களை முழுதாக மறந்திருக்கிறார்கள். முட்டி வலித்தால்தான் டாக்டரிடம் போவார்கள். அங்கே "வெயிட்டைக் குறைங்க" என்ற ஒரு வரியோடு திரும்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு டம்ளர் கஞ்சியோடு படுத்துவிடுகிறார்கள். சில மாதத்தில் நாலு கிலோ குறைகிறது, வீடே பாராட்டுகிறது. பயிற்சி இல்லாமல் சாப்பாட்டை மட்டும் வெட்டி எடை குறைத்தால், குறைந்ததில் சுமார் கால் பங்கு கொழுப்பில்லாத பகுதியாக இருக்கும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. இப்படி இரண்டு மூன்று சுற்று போன ஒரு பெண், ஆரம்பித்த அதே எடையில், ஆரம்பித்ததைவிடப் பலவீனமாக நிற்பார்.

தசை வெறும் பலத்துக்கு மட்டும் இல்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்குப் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சிறுத்தால் சரக்கு தெருவில் கிடக்கும். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. அரிசியைக் குறைக்கச் சொல்கிறோம், இனிப்பை நிறுத்தச் சொல்கிறோம். இந்தக் கிடங்கைப் பெரிதாக்கச் சொல்வதுதான் அபூர்வம்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் தசை ஒளிந்திருக்கிறது. கிரியாட்டினின் என்று ஒரு வரி இருக்கும். சிறுநீரகத்தைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். கிரியாட்டினின் உருவாவது தசையில். அதனால் தசை நிறைந்த இளைஞருக்கு 1.2 என்பது சாதாரணம். 42 கிலோ எடையுள்ள எழுபது வயது ஆச்சிக்கு 1.1 என்று வந்தால் 'நார்மல்' என்று மூடிவைத்துவிடக் கூடாது, சிறுநீரகம் நன்றாகவே தளர்ந்திருக்கலாம். கிரியாட்டினினை வைத்துச் சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிட்டு, மருந்தின் அளவை முடிவு செய்ய இன்றும் பயன்படும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம் 1976இல் வந்தது. அதற்காக அளக்கப்பட்ட 249 பேரில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெண்ணென்றால் 15 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார்கள். கீஸின் கணக்கைப் போலவே இங்கும் ஆணை அளந்துவிட்டுத்தான் பெண்ணுக்கு எண் கொடுத்தார்கள்.

ஜிம்களில் ஏறி நின்றால் கொழுப்பு, தசை, 'உடல் வயது' எல்லாம் அச்சடித்துத் தரும் மெஷின்களைப் பற்றி ஒரு வார்த்தை. அது உடம்புக்குள் மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தித் தடையை அளக்கிறது. தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகப் போகும், கொழுப்பில் தடைபடும். மீதி எல்லாம் வயது, பாலினம், உயரத்தை வைத்துச் சூத்திரம் போடும் ஊகம். தண்ணீர் குடித்திருந்தாலும், வியர்த்திருந்தாலும், மாதவிடாய்க்கு முன் உடம்பில் நீர் கோத்திருந்தாலும் எண் மாறும். பாதத்தை மட்டும் வைக்கும் மெஷின் பெரும்பாலும் கால்களைத்தான் பார்க்கிறது. எக்ஸ்ரே கொண்டு அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இவற்றைவிட நம்பகமானது, செலவு அதிகம். என் அறையில் மெஷின் கிடையாது. தையல் டேப்பும் கை வைக்காத நாற்காலியும் இருக்கின்றன.

ஆசிய நாடுகளின் மருத்துவர்கள் 2019இல் சேர்ந்து வகுத்த தசை இழப்பு வழிகாட்டுதல் இந்த இரண்டையும் போதுமென்கிறது, குறைந்தபட்சம் சந்தேகத்தை எழுப்ப. கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். ஆணுக்கு 34 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 33 செ.மீ.க்கும் கீழே போனால் கவனிக்க வேண்டும். பிறகு கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் தசை தளர்ந்திருக்கிறது. இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லைதான். கைப்பிடியின் பலத்துக்கு மட்டும் ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். பேருந்துப் படியில் ஏறவும், கழிப்பறையில் குந்தி எழவும் சலுகை கிடையாது என்பதால் நாற்காலிச் சோதனையில் சலுகை இல்லாதது எனக்கு நியாயமாகவே படுகிறது.

எல்லா வயதிலும் தசை திரும்ப வளரும். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய, மிகவும் தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். மரியா ஃபியாடரோன் குழு அதை 1990இல் வெளியிட்டது. பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில் முடிந்தது ஐம்பத்திரண்டில் முடியாதா? "ஆம்பள மாதிரி ஆயிடுவேனோ" என்று தயங்கும் பெண்கள் நிறைய. ஆணின் ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுடையதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். மணல் பையைக் காலில் கட்டித் தூக்கினால் அந்த ஹார்மோன் ஊறிவிடாது. பெண்ணின் தசை பெண்ணின் அளவிலேயே உறுதியாகும்.

"அந்தக் காலத்துல அம்மி அரைச்சோம், தண்ணி இறைச்சோம், எல்லாரும் திடமா இருந்தோம்" என்று எதிரில் இருக்கும் மூத்த பெண்கள் சொல்லும்போது நான் முழுதாகத் தலையாட்டுவதில்லை. உழைப்பு இருந்தது, உண்மை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததுதான் அவர்களுக்குச் சாப்பாடு என்பதும் உண்மை. கூன் விழுந்த முதுகுகளை நாம் பார்த்துத்தானே வளர்ந்தோம்.

இன்றும் பெண்களின் தட்டில் குறைவது புரதம்தான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ பெண்ணுக்கு 50 கிராம். வயது ஏற ஏற இதைக் கொஞ்சம் கூட்டச் சொல்கிறார்கள் முதியோர் ஊட்ட வல்லுநர்கள். ஒரு முட்டையில் 6 கிராம். கையளவு நிலக்கடலையில் 7 கிராம். ஒரு டம்ளர் பாலிலும் அதே அளவு. நூறு கிராம் பாசிப்பயறில் 22, 23 கிராம். ரசம் சாதமும் அப்பளமும் எத்தனை தட்டு சாப்பிட்டாலும் அங்கே போய்ச் சேர முடியாது. குழம்பில் இருக்கும் கறித்துண்டைப் பையனுக்கும் வீட்டுக்காரருக்கும் எடுத்து வைத்துவிட்டுத் தான் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளும் கை, முதலில் தன் தட்டுக்கு ஒரு துண்டு வைக்கப் பழக வேண்டும். இதை நான் கணவர்மாரை உட்கார வைத்துத்தான் சொல்கிறேன். மனைவியின் காதில் மட்டும் போட்டால் அது வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். என் துறையைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட்களும் அதில் இருக்கிறார்கள். அந்தத் தன்னார்வலரின் பையில் ஒரு தையல் டேப்பை வையுங்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும் வயிற்றுச் சுற்றளவும் கெண்டைக்காலும் அளந்து, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, ஆன விநாடியைச் சீட்டில் எடைக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். 12ஐத் தாண்டியவர்களைப் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புங்கள். நாற்காலி எல்லா வீட்டிலும் இருக்கிறது.